கசியாத கூடாரமும் மூவாயிரம் கத்திரி நாற்றும்

ஊதுபத்திக் கட்டு ஒன்றை மொத்தமாகக் கொளுத்தினேன். பழைய பால் சட்டியில் மண்ணை நிரப்பி, அதில் செருகி, மொட்டை மாடியில் நான் கட்டியிருந்த பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். கதவு என்றால் ஜிப் வைத்த கதவு. ஜிப்புக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மடிப்பு. மடிப்புக்கு மேல் டேப்.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடாரத்தை அங்குலம் அங்குலமாகச் சுற்றி வந்தேன். மூலைகளில் மூக்கை வைத்துப் பார்த்தேன். தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளைவெளேரென்று புகை நிறைந்துகொண்டிருந்தது. வெளியே நூலளவு புகைகூட வரவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடியில் தனியாக நின்று எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன்.

பக்கத்து மாடியில் சம்பத் மாமா வேஷ்டி உலர்த்திக்கொண்டிருந்தார். எங்கள் ஸ்ரீரங்கம் கோயில் கைங்கர்யக் குடும்பம். எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

"என்ன சார், மாடியிலே ஹோமம் பண்றேளா? பொகை தெரியறது, வாசனை மட்டும் இந்தப் பக்கம் வரவே இல்லையே?"

"அதுதான் மாமா விஷயமே! வரக் கூடாது. லீக் டெஸ்ட் பண்றேன்."

"எதுக்கு லீக் டெஸ்ட்?"

"கத்திரி நாத்துக்கு."

மாமா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். கூடாரத்தைப் பார்த்தார். "ரங்கா, ரங்கா" என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கிப் போய்விட்டார்.

போன வாரம் இந்தத் தொடரில், ஓய்வு பெற்ற அன்று ரோஜா மாலையும் கழுத்துமாக வீட்டு வாசலில் வந்து நின்றதுவரை சொல்லியிருந்தேன். அந்த மாலை வாடிக் குப்பைக்குப் போய் ஒரு வருஷம் கழித்து நடந்தது இது. வைகாசி கடைசி. திருச்சியில் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத்தான் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு சொட்டு வியர்வை

நான் ஏன் இப்படி ஆனேன் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

துவாக்குடிப் பக்கம் பாய்லர் குழாய்கள் செய்யும் பட்டறை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். முதலில் வெல்டர். பிறகு சோதனைப் பிரிவு. குழாய்களைப் பற்றவைத்து முடித்ததும் உள்ளே தண்ணீரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவோம். பிறகு எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பாகப் பார்ப்போம். எங்காவது ஒரு துளி ஈரம் தெரிந்தால் போச்சு. அறுத்து மறுபடியும் முதலிலிருந்து.

ஒருமுறை நான் போட்ட இணைப்பில் ஒரு சொட்டு நின்றது. இன்ஸ்பெக்டர் துடைத்தார். மறுபடி ஒரு சொட்டு. துடைத்தார். மறுபடியும் சொட்டு. என் முகத்தில் ஈயாடவில்லை. மூன்றாவது முறை துடைத்தவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். குனிந்து நின்ற என் நெற்றியிலிருந்து வியர்வை அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது!

பட்டறையே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் இணைப்பு கசியும் என்று அரை நிமிஷம் நானே நம்பிவிட்டேனே என்று அன்று முழுக்கக் கோபமாக இருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி விஜயா, "வியர்வைக்கெல்லாமா கோவிச்சுப்பாங்க?" என்று கேட்டு அந்தச் சோற்றையே தாளித்துப் போட்டாள்.

இப்படி முப்பத்தோரு வருஷம். கசிவு என்றால் எனக்குப் பிடிக்காது. வீட்டுக் குழாய் சொட்டினால் தூக்கம் வராது. அடுத்தவர் வீட்டுக் குழாய் சொட்டினாலும் வராது.

காதுகுத்து வீட்டில் கொடுத்த வாக்கு

விஜயாவுக்குச் சொந்த ஊர் மணப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் தம்பி சேகர் அங்கே விவசாயம் பார்க்கிறான். நாற்பத்தைந்து வயது. அதிகம் பேச மாட்டான். பேசினால் அளந்து பேசுவான். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு பெரிய பை நிறைய முறுக்கு கொண்டுவந்து வைத்துவிட்டு, வந்த காரியத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவான்.

அந்த வருஷம் சித்திரையில் அவன் பெண்ணுக்குக் காதுகுத்து. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இலையில் கத்திரிக்காய் கூட்டு விழுந்ததும் பேச்சு கத்திரிக்காய் பக்கம் போனது.

"நம்ம ஊதாக் கத்திரிக்கு என்ன கொறைச்சல் மாமா? கெணத்துலதான் தண்ணி இல்ல. மார்கழி வரைக்கும்தான் தாங்குது. எல்லாரும் ஆடியில வெதைச்சு ஆவணியில நடறாங்க. ஐப்பசியில காய் வரும்போது ஊரெல்லாம் கத்திரிக்காயா கெடக்குது. அதுக்குள்ள மழையும் புடிச்சுக்குது. ரெண்டு வருஷமா இதே கதைதான்."

"அப்போ முன்னாடியே நட வேண்டியதுதானே?"

"நடலாம். ஆடி பொறந்ததும் நட்டா புரட்டாசிக்குக் காய் எறங்கும். புரட்டாசியில எவன் வீட்டுல கறி ஆக்கறான்? எல்லாம் காய்தான். ஆனா அதுக்கு ஆனியில நாத்து வளரணுமே. அந்தக் காத்துக்கும் வெயிலுக்கும் எங்க வளருது? தலையத் தூக்கறதுக்குள்ள கருகிடுது. நர்சரியில வாங்கினா வெலை கட்டாது."

அப்போதுதான் நான் வாயைக் கொடுத்தேன். "நான் வளத்துத் தரேன் மாப்ளே. மாடியில ஒரு கூடாரம் போட்டு, உள்ள வெச்சு வளத்துத் தரேன். எத்தனை வேணும்?"

சேகர் கையில் எடுத்த சோற்று உருண்டையை இலையிலேயே வைத்தான். "கெணத்துக்குப் பக்கத்துல இருபத்தஞ்சு சென்டு இருக்கு. மூவாயிரம் நாத்து வேணும். வெளையாட்டு இல்ல மாமா. அந்த எடம் ஒண்ணுதான் இந்த வருஷம் எனக்கு."

"விளையாட்டா? முப்பத்தோரு வருஷம் பாய்லர் பாத்தவன்டா நான். ஆடி மொத வாரம் வந்து வாங்கிக்க. வேற எங்கயும் நாத்துக்குச் சொல்லி வைக்காத. சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த விஜயா என்னைப் பார்த்தாள். ஒரு துளசிச் செடியைக்கூட நான் ஒழுங்காக வளர்த்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் ஒரு வருஷமாகச் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அன்று ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கூடாரத்தின் அளவைக் கைபேசியில் வரைந்துகொண்டே வந்தேன்.

கம்பளித் தொப்பிக்காரர்

யூடியூபில் தேடினேன். ஒரு வெள்ளைக்காரர் கிடைத்தார். தலையில் கம்பளித் தொப்பி, வாயிலிருந்து ஆவி பறக்கிறது. ஹீட்டரே இல்லாத பசுமைக்குடிலில் மற்றவர்களுக்கு ஒரு மாதம் முன்னாலேயே காய்கறி நாற்றுகளைக் கிளப்புவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. படம் முழுசாகப் புரிந்தது.

ஹீட்டர் இல்லாமல்! நான் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நமக்கும் ஹீட்டர் இல்லை. அவருக்கும் சீக்கிரம் வேண்டும். நமக்கும் சீக்கிரம் வேண்டும்.

அவர் இரும்பு வளைவுகளை நட்டு, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டினார். இடுக்குகளில் எல்லாம் டேப் ஒட்டினார். "ஒரு இடுக்கும் இருக்கக் கூடாது" என்பதுபோல் விரலை ஆட்டினார். என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உலகத்தின் அந்தக் கோடியில் எனக்கு ஒரு சகோதரன் இருக்கிறான் என்று தோன்றியது.

அவர் ஏன் இடுக்கை அடைக்கிறார் என்று நான் யோசிக்கவே இல்லை. அவர் ஊரில் வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே இருக்கிற கொஞ்சச் சூடும் ஓடிப்போகாமல் அவர் காவல் காக்கிறார். என் ஊரில் செருப்பில்லாமல் மாடிக்குப் போனால் உள்ளங்கால் பொத்துப்போகும். இதை இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பத்தடிக்குப் பதினைந்தடி. இரும்பு வளைவுகளை நானே பற்றவைத்தேன். ஒரு வாரம். வெல்டிங் மிஷின் சத்தம் கேட்டுத் தெருவில் எல்லோரும் மாடிக்கு மேல் இன்னொரு மாடி எழும்புகிறது என்று நினைத்தார்கள்.

கூடாரம் நின்றதும் ஊதுபத்தி கொளுத்தினேன். மற்றதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முப்பது தட்டு

குழித்தட்டு என்று ஒன்று இருக்கிறது. கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு, அதில் வரிசை வரிசையாகக் குழிகள். ஒரு தட்டுக்கு நூறுக்கு இரண்டு குறைவு. குழியில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, ஒரு விரலால் அழுத்தி, ஒவ்வொரு குழியிலும் ஒரு விதை. கத்திரி விதை எவ்வளவு சின்னது தெரியுமா? மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூச்சுவிடாமல் போட வேண்டும். ஒரு தும்மல் வந்தால் ஒரு வரிசை போச்சு.

நானும் விஜயாவும் இரண்டு நாள் ஹாலில் உட்கார்ந்து போட்டோம். முப்பது தட்டு. ஏறக்குறைய மூவாயிரம் விதை, சேகரே கொடுத்தனுப்பிய ஊதாக் கத்திரி. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஈரத் துணி போர்த்தி, கட்டிலுக்கு அடியில் வைத்தோம்.

ஆறாம் நாள் காலை துணியைத் தூக்கிப் பார்த்த விஜயா, "என்னங்க!" என்று போட்ட சத்தத்தில் நான் பல் தேய்த்துக்கொண்டே ஓடிவந்தேன். மேல் தட்டில் ஏழெட்டு இடத்தில் வெள்ளையாக, கழுத்தை வளைத்துக்கொண்டு, முளை மேலே வந்திருந்தது. தலையில் விதைத் தோலை இன்னும் தொப்பிபோல மாட்டிக்கொண்டிருந்தது ஒன்று.

நான் வாயில் நுரையோடு நின்று எண்ணினேன். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? நான் வாழ்நாளெல்லாம் செய்தது இரும்பு. அது தானாக அசைந்ததே இல்லை. இது நான் தூங்கும்போது எழுந்து நிற்கிறது!

எல்லாத் தட்டையும் கூடாரத்துக்குக் கொண்டுபோனோம். நல்ல காலமா கெட்ட காலமா, முதல் நான்கு நாள் மேகமூட்டம். நானும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தேன். கதவு திறந்து திறந்து மூடியதில் நாற்று பிழைத்துக்கிடந்தது. நான் என் கூடாரம்தான் காப்பாற்றுகிறது என்று நினைத்தேன்.

மலைக்கோட்டையில் வாங்கிய டேப்

ஐந்தாம் நாள் மேகம் கலைந்தது. காலையில் கூடாரத்தைச் சுற்றி வந்தபோது, வடகிழக்கு மூலையில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை கண்ணில் பட்டது. ஊதுபத்திச் சோதனையில் தப்பித்த ஓட்டை! எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் டேப் தீர்ந்துபோயிருந்தது. எங்கள் தெருக் கடையில் இருந்த டேப்பின் பசை எனக்குப் பிடிக்கவில்லை. கதவை ஜிப் போட்டு, மடிப்பை மூடி, டவுன் பஸ் ஏறி மலைக்கோட்டைக்குப் போனேன்.

அங்கே சந்து சந்தாக நடந்து, நாலு கடை ஏறி இறங்கி, வெயிலுக்கும் மழைக்கும் பசை விடாத டேப்பாகப் பார்த்து வாங்கினேன். ஒரு கடையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது மணி இரண்டு.

மாடிக்குப் போய் ஜிப்பைத் திறந்தேன். முகத்தில் அடித்த அனலில் ஒரு அடி பின்னால் போனேன். பட்டறையில் பழகிய சூடு அது. கதவோரம் தொங்கவிட்டிருந்த வெப்பமானியின் முள் அறுபதைத் தாண்டி நின்றது. உள்ளே வந்த வாசனை கீரை வேகும் வாசனை.

முப்பது தட்டிலும் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. எல்லாம் கறுத்து, குழிக்குள் சுருண்டு படுத்துக்கிடந்தன. நான் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டிக்கொண்டது.

கையில் டேப் இருந்தது. அப்படியே மாடித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சூடு தெரியவில்லை. சேகரின் முகம்தான் கண் முன்னால் வந்தது. அந்த எடம் ஒண்ணுதான் இந்த வருஷம் எனக்கு என்றானே. வேறு எங்கும் சொல்லி வைக்காதே என்று வீறாப்புப் பேசினேனே.

இட்லிப் பானையின் மூடி

விஜயா மேலே வந்தாள். பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. கூடாரத்துக்குள் தலையை விட்டு, உடனே வெளியே எடுத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, இட்லிப் பானை மூடியிலகூட ஆவி போறதுக்கு ஒரு ஓட்டை வெச்சிருக்கான். நீங்க அதுகூட வைக்கலையே?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஓட்டை வெக்கறதுக்கா நான் முப்பத்தோரு வருஷம்..." என்று ஆரம்பித்தேன். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். உச்சியில் நீளவாக்கில் பிளாஸ்டிக்கைக் கிழிக்க வேண்டும், சூடு மேலே போக. கத்தியைத் தூக்கிவிட்டேன். கை இறங்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என் கையே எனக்குக் கட்டுப்படவில்லை. விஜயா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள். "நான் ஏறட்டுமா?" என்றாள். அதற்குப் பிறகுதான் கிழித்தேன்.

ஒரு கிழிசல் விழுந்ததும் மற்றது சுலபமாக இருந்தது. பக்கச் சுவர்களில் பிளாஸ்டிக்கை உருவி எறிந்துவிட்டுப் பூச்சி நுழையாத வலை கட்டினேன். மேலே பச்சை நிழல் வலை. தரையில் ஈரச் சாக்கு. காவிரிப் பக்கமிருந்து வந்த காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போனது. உள்ளே நின்று பார்த்தேன். மாடியிலேயே அதுதான் குளிர்ச்சியான இடமாக இருந்தது. எனக்கு அப்போதே மறுபடியும் உற்சாகம் வந்துவிட்டது.

ஊதுபத்தி கொளுத்தி வைத்தேன். உள்ளே புகை நிற்கவே இல்லை.

"இப்போ வாசனை வர்றது சார்!" என்று பக்கத்து மாடியிலிருந்து குரல் வந்தது.

ஒரு பொய்

மறுபடியும் விதை போட்டோம். ஆனி பத்தாம் தேதி ஆகிவிட்டது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தால், ஆடி முதல் வாரத்துக்கு நாற்று தயாராகாது. எப்படியும் பதினெட்டாம் பெருக்கு ஆகிவிடும்.

சேகருக்குச் சொல்ல வேண்டும். விஜயாவிடம் போனை நீட்டினேன். "நாத்து நல்லா இருக்கு, கொஞ்சம் பொடிசா இருக்கு, பெருக்கன்னைக்கு வந்து எடுத்துக்கச் சொல்லு."

"என் தம்பிகிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். வேணும்னா நீங்களே சொல்லுங்க."

நானே சொன்னேன். சேகர் "சரி மாமா" என்றான். ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். உழுது போட்ட நிலத்தை அவன் தினமும் பார்த்துக்கொண்டிருப்பான் என்ற நினைப்பு என்னை அறுத்தது.

அந்த ஐந்து வாரமும் நான் மாடியில்தான் குடியிருந்தேன். மூன்று வேளை தண்ணீர். தினமும் தட்டை இடம் மாற்றினேன். ஆனிக் காற்று வலையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. மணலை வாரி இறைத்தது. உள்ளே நாற்று லேசாக ஆடியது, அவ்வளவுதான். இரண்டு இலை நாலு ஆனது. தண்டில் மெல்ல ஊதா ஏறியது. காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஊதாவைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். காபி ஆறிப்போகும்.

பெருக்கு

ஆடிப் பதினெட்டு அன்று காவிரிப் படித்துறைக்கு, அம்மா மண்டபத்துக்குப் போகிற சாலை எப்படி இருக்கும் என்று ஸ்ரீரங்கத்துக்காரர்களைக் கேளுங்கள். நாற்று எடுக்க அந்த நாளை நான் குறித்தேன் பாருங்கள், அதுதான் என் இரண்டாவது முட்டாள்தனம். விடிகாலையிலிருந்து வண்டி எதையும் விடவில்லை. சேகர் தன் குட்டி யானை வண்டியை மாம்பழச்சாலைக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, முறுக்குப் பையோடு நடந்தே வந்தான்.

நேராக மாடிக்குப் போனான். நானும் விஜயாவும் பின்னால் போனோம். வலைக் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்து நின்றான். ஒரு தட்டிலிருந்து ஒரு நாற்றை அடியில் அழுத்தி மெதுவாக உருவினான். வெள்ளை வேர் குழியின் வடிவத்திலேயே சுற்றிப் பிடித்திருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "மாப்ளே, ஒரு விஷயம். மொதல்ல போட்டதெல்லாம் என் தப்பால வெந்துபோச்சு. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். இது ரெண்டாவது தடவை போட்டது."

"தெரியும் மாமா. அக்கா அன்னைக்கே சொல்லிடுச்சு."

நான் விஜயாவைப் பார்த்தேன். அவள் வலையில் ஒட்டியிருந்த பூச்சியை மும்முரமாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றான் சேகர். "அக்கா சொன்ன அன்னைக்கே நான் ஒரு நர்சரியில மூவாயிரம் நாத்துக்குச் சொல்லி வெச்சுட்டேன். இன்னைக்குச் சாயந்தரம் எடுத்துக்கறதா பேச்சு."

எனக்குச் சுருக்கென்றது. கோபம் வரும் என்று சித்திரையில் சொன்னேன் அல்லவா, கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அதை மறைக்கத் தட்டுகளை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"நெலம் சும்மா கெடக்கக் கூடாது மாமா. அதான்," என்றான். "மொதல்ல இத எறக்குவோம். வண்டிகிட்ட போய்ப் பேசிக்கலாம்."

எதைப் பேசிக்கலாம் என்று கேட்காமல் முதல் தட்டைத் தூக்கினேன்.

வழி விடுங்க

முப்பது தட்டையும் கையில்தான் தூக்க வேண்டும். வீட்டிலிருந்து வண்டி வரைக்கும் தலையாகத் தெரிந்தது. ஆளுக்கு ஒரு தட்டு இரண்டு தட்டாகத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். சம்பத் மாமா வாசலில் நின்று பார்த்தார். "இத்தனையும் மூணு பேரா தூக்கப் போறேள்?" என்றவர், அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு ஒரு தட்டைத் தூக்கிவிட்டார்.

தெரு முனையில் கூட்டம். மஞ்சள் கயிறு, பூ, சித்ரான்னத் தூக்கு, புதுத் தாலி கோத்த பெண்கள். காவிரியில் விடுவதற்கு முளைப்பாரி எடுத்துக்கொண்டு ஒரு குடும்பம் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே நாங்கள் பச்சைப்பசேலென்று தட்டுகளோடு வந்ததும், ஒரு அம்மா உரக்கச் சொன்னார்:

"வழி விடுங்க, வழி விடுங்க! முளைப்பாரி வருது!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நான் "இது முளைப்பாரி இல்லைங்க, கத்திரிக்காய்" என்று சொல்ல வாயெடுத்தேன். விஜயா முழங்கையால் இடித்தாள். "பேசாம வாங்க."

ஒரு பெண் என் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இன்னொருத்தி சேகரின் தட்டு விளிம்பில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். யாரோ ஒரு பாட்டி இலைகளின் மேல் பூவை உதிர்த்தார். "எந்த ஊரு முளைப்பாரி? இவ்ளோ செழிப்பா இருக்கு!" என்று ஒருத்தர் கேட்டார்.

சேகர் திரும்பி என்னைப் பார்த்தான். சிரித்தான். அவன் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"ஸ்ரீரங்கத்து மாடியில போட்டதுங்க," என்றான்.

ஆறு நடை நடந்தோம். வேர்த்து ஒழுகியது. முட்டி வலித்தது. ஒரு நாற்றுகூடச் சாயவில்லை. கடைசித் தட்டையும் ஏற்றி, சேகர் வண்டியின் பின்கதவைப் பாதி தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்று, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"அண்ணே, மணப்பாறை சேகர் பேசறேன். சாயந்தரம் வந்து எடுத்துக்கறேன்னு சொல்லியிருந்தேன்ல, அந்தக் கத்திரி நாத்து... இல்லண்ணே, நான் வரல. கேக்கறவங்க யாருக்காச்சும் குடுத்துருங்க."

அந்தப் பக்கத்தில் என்னவோ கேட்டார்கள். சேகர் என்னைப் பார்க்காமல், தட்டுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எங்க மாமா போட்டிருக்காருண்ணே. வேரு அருமையா இருக்கு. அதத்தான் நடப்போறேன்."

போனைப் பையில் போட்டான். "வண்டி குலுங்கும். தட்ட யாராச்சும் புடிச்சுக்கணுமே மாமா," என்றான்.

விஜயா என் தோளிலிருந்த துண்டை உருவி என் முகத்தைத் துடைத்துவிட்டாள். நான் வண்டியின் பின்னால் ஏறித் தட்டுகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மணப்பாறை வரைக்கும் கையை எடுக்கவில்லை.